ஏழை மாணாக்கரும் உபகாரச் சம்பளமும்

கல்விச் செல்வம் ஒருவர்க்கே உரிய தனியுடைமை அன்று. வேண்டினார் யாவர்க்கும் பொதுவாயது என்று நம் முன்னோர் பலபடக் கூறிப் போந்தனர். ஆயினும் அச்செல்வத்தைப் பெறுதற்குச் செல்லும் வாயிலிற் கட்டணம் என்னும் தாழ் ஒன்று உளது. அதனைத் திறத்தற்குரிய கோல் கையில் இல்லாதார்க்கு உதவும்பொருட்டு அரசினரும், திருச்சபையாரும், கலாசாலைகளும், பழைய மாணாக்கரும் பொருள் வழங்கி வருகின்றனர். இவ்வுதவியை முன்னையோர் உபகாரச் சம்பளம் என்றனர். இக்காலத்தார் கல்வி உதவித்தொகை என்பர். இதனை வழங்கவேண்டுமா என்பதில் இந்நாளில் எவரும் ஐயுறார். யார்க்கு வழங்குவது, எவ்வாறு வழங்குவது என்னும் இரண்டு வினாக்களே எஞ்சி நிற்கின்றன. முன்னது நீதியைப் பற்றியது; பின்னது மானத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில மொழிக்கு அகராதி இயற்றிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன் 1728-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரத்துப் பெம்புரோக் கலாசாலையிற் சேர்ந்தார். அவர் தந்தையார் லிச்பீல்டு என்னும் ஊரிற் புத்தக வணிகர்; வணிகம் தளர்ந்திருந்த காலம் அது. ஜான்சனுடைய பாதரட்சைகள் தேய்ந்து கிழிந்து, கால்விரல்கள் வெளியே தெரியலாயின. அருகிலிருந்த கிரைஸ்ட் சர்ச் கலாசாலைக்குச் சென்று, அங்குப் பயின்ற தம் நண்பரிடம் பாடங்களைக் கேட்டறிந்து வருதல் அவர் வழக்கம். அங்குள்ளோர் தம் கால்களை நோக்குகின்றனர் என்று கண்டவுடன் அங்குப் போதலையே நிறுத்திவிட்டார். பின்னர் யாரோ ஒருவர் இரங்கிப் புதிய பாதரட்சை ஒரு சோடியை அவர் அறை வாயிலில் வைத்துச் சென்றனர். ஜான்சன் அதனைக் கண்டு சினந்து தூக்கி எறிந்தார். 1729-ஆம் ஆண்டின் இறுதியிற் பொருளின்மையாற் பட்டம் பெறாமலே கலாசாலையை விட்டு நீங்கினார். பாஸ்வெல் எழுதிய ஜான்சன் சரித்திரத்தில் இவ்வரலாறு காணப்படும்.

இதனைக் கேட்போர், ‘இஃதென்ன வீண் செருக்கு! கொடுத்ததை அணிந்துகொண்டு பாடத்துக்குப் போயிருக்கலாமே’ என்பர். யாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணியதுண்டு. ஆனால் ஆழ்ந்து நோக்குமிடத்து, கொடுத்தவர் தம் பெயரை மறைத்தாரேயன்றிப் பெறுவோருடைய வறுமையை மறைத்திலர் என்பது புலனாகும். வாயிலில் வைத்த அந்தப் பாதரட்சை, ‘நின் கிழிந்த செருப்பை நாங்கள் கண்டுவிட்டோம்’ என்று சொல்லாமற் சொல்லிற்று. உதவி வந்த வழியே உதவியைக் கெடுத்துவிட்டது. ஜான்சன் இழந்தது செருப்பை மட்டுமன்று. அதற்கு முன்னரே கிரைஸ்ட் சர்ச்சிற் கேட்டுவந்த பாடங்களையும் இழந்தார். ஆகவே நாணம் என்பது வெறும் மனவுணர்ச்சியாக நின்றுவிடாமற் கல்வியையே குறைக்கும் ஆற்றல் உடையது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. உதவி நீதியாகச் சென்று சேரவேண்டுமாயின், உண்மையில் வறியவர் யார் என்று ஆராயவேண்டும். ஆராய்ந்தால், ஆராயப்படுவோர் தம் வறுமையை விரித்துக் காட்டவேண்டும். அஃது அவர் மானத்துக்கு இழுக்காகும். மானத்தைக் காக்கக் கருதி ஆராயாது விட்டாலோ, வசதியுடையோரும் வந்து கைநீட்ட, வறியோர்க்குரிய பங்கு குறையும். நீதியும் மானமும் இவ்வாறு ஒன்றையொன்று இழுத்து நிற்றலால், ஒன்றை மட்டும் நோக்குவோர் மற்றொன்றைக் கெடுப்பர். இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதற்கு முன்னையோர் கண்ட வழிகளையும் அவற்றின் குறைகளையும் முதற்கண் நோக்குவோம்.

ஐரோப்பியக் கலாசாலைகளிற் பழைய வழி ஒன்று இருந்தது. கட்டணம் செலுத்த இயலாத மாணாக்கர் உடன்பயிலும் செல்வர்க்கும் ஆசிரியர்க்கும் ஏவல் செய்து, குறைந்த செலவிற் கல்வி பெறுவர். கேம்பிரிட்ஜிலும் டப்ளினிலும் இவர்களைச் சைசர் என்றும், ஆக்ஸ்போர்டிற் சர்விட்டர் என்றும் அழைத்தனர். உணவு பரிமாறுதல், ஏவிய இடத்துக்கு ஓடுதல் முதலியன இவர்தம் கடமைகள். உடையாலும் இவர்கள் பிறரினின்று பிரித்தறியப்பட்டனர். ஐசக் நியூட்டன் 1661-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கலாசாலையிற் சைசருக்கும் கீழ்ப்படியான துணைச் சைசராகவே சேர்ந்தார். பிற்காலத்திற் பெரும் பிரசங்கியாராய் விளங்கிய ஜார்ஜ் ஒயிட்பீல்டு, ஜான்சன் விட்டு நீங்கிய அதே பெம்புரோக் கலாசாலையில் 1732-ஆம் ஆண்டிற் சர்விட்டராகச் சேர்ந்தார். இவ்வழி இல்லையேல் அவர்கள் பயின்றிருத்தல் அரிது. எனவே இதனை முற்றும் பழித்தற்கில்லை.

ஆயினும் இதன் தீங்கு சிறிதன்று. டப்ளின் டிரினிட்டி கலாசாலையிற் சைசராகப் பயின்ற ஆலிவர் கோல்டுஸ்மித், தம் தமையனார் மகனைப் பற்றி எழுதிய கடிதத்தில், இகழ்ச்சியைப் பொறாத இயல்பு அப்பிள்ளைக்கு இருக்குமாயின் அந்நிலையில் அவனை அனுப்பவேண்டா என்று எச்சரித்தார். பெம்புரோக்கில் மாணாக்கர் அறையிலிருக்கின்றனரா என்று கதவு தட்டிப் பார்த்துச் செல்லுதல் சர்விட்டரின் வேலைகளுள் ஒன்று. அவ்வாறு வந்த ஏழை மாணாக்கரைப் பிறர் பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பித் துரத்துவதுண்டு. அக்கூட்டத்தில் ஜான்சனும் சேர்ந்திருந்தார் என்று அவர் வரலாற்றினால் அறிகிறோம். கிழிந்த செருப்புக்காக நாணியவரே தம்மினும் வறியவரைத் துரத்தினார் என்றால், ஓர் ஏற்பாடு மாணாக்கரைப் படிப்படியாகப் பிரித்து வைக்கும்போது நல்லோர் மனமும் எவ்வாறு திரிந்துவிடுகிறது என்பது விளங்கும்.

நியூட்டன் வரலாற்றில் நீதியைப் பற்றிய பாடம் ஒன்றும் உளது. அவர் தாயார் நிலபுலமுடைய வசதியான அம்மையார். ஆயினும் மகனுடைய படிப்பிற்குத் தாராளமாகச் செலவிட அவர் மனம் ஒருப்படவில்லை என்பர். குடும்பத்தின் வருவாயை மட்டும் கணக்கிடும் ஆராய்ச்சிக்கு நியூட்டன் ஏழையல்லர். கலாசாலையில் வாழ்ந்த வாழ்வை நோக்கின் அவர் ஏழையே. வீட்டிலுள்ள பொருள் பிள்ளையின் படிப்புக்கு வருகின்றதா என்பதை வருமானக் கணக்கு ஒருபோதும் காட்டாது. நம் நாட்டிற் பெண்மக்களைப் பொறுத்தவரை இவ்வுண்மை இன்றும் நினைக்கத் தக்கது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். வறிய பிள்ளைகள் நாளுக்கொரு வீடாக முறைவைத்து உண்டு கல்வி கற்ற வழக்கம் இங்கும் இருந்தது. அதனை வாரச் சாப்பாடு என்பர். அவ்வன்னத்தாற் கற்றுயர்ந்தோர் பலர். ஆயினும் அவ்வுதவி பெரும்பாலும் அவ்வவர் குலத்தாருக்குள்ளேயே நின்றது. வீட்டாரின் முகக்குறிப்பறிந்து உண்ணவேண்டிய துன்பமும் அதில் இருந்தது. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, இரத்தலின் துன்பத்தை உணர்த்த இரவச்சம் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்திருத்தல் ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

நிற்க. உதவி பெறுதற்குரியார் யாவர் என்னும் முதல் வினாவை எடுத்துக்கொள்வோம். திறமை ஓர் அளவுகோல். வறுமை மற்றோர் அளவுகோல். திறமையை மட்டும் அளந்தால் விளைவது யாது என்பதற்கு ஸ்ரீநிவாச இராமாநுஜன் வரலாறே சான்றாகும். கும்பகோணத்துப் பள்ளியிற் கணிதத்திற் பரிசு பெற்று, 1904-ஆம் ஆண்டில் அவ்வூர் அரசினர் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் அவற்றிற் தவறினார். உபகாரச் சம்பளமும் நின்றது. கட்டணம் செலுத்த வழியின்றி, 1905-ஆம் ஆண்டில் வீட்டார்க்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். 1913-ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தார் மாதம் 75 ரூபாய் வீதம் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தனர். கும்பகோணத்தில் விதி மீறப்படவில்லை. யாவர்க்கும் ஒரே விதியே நடந்தது. வசதியுள்ள மாணாக்கர் ஒருவர் தவறினால் மறுமுறை கட்டணம் செலுத்தி எழுதுவார். வறியவர்க்கோ ஒருமுறை தவறுதலே வாயிலடைப்பாகும். ஒரே விதி இருவர்மேல் இரு வேறு நிறையாக விழுகின்றது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

வறுமையை அளக்கும் கருவியாக இந்நாளில் வழங்குவது வருமானச் சான்றிதழ். இதனைப் பெற மாணாக்கரோ பெற்றோரோ இணையவழி மனுச் செய்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்போருடைய விசாரணைக்குட்பட்டு, வட்டாட்சியர் ஒப்பம் பெறவேண்டும். மாதச் சம்பளம் பெறுவோரின் வருமானம் மறைக்கவொண்ணாதபடி ஏட்டில் நிற்கும். வணிகம் செய்வோரின் வருமானம் அவர் சொல்வதே. நாட்கூலி பெறுவோர்க்கு மழைக்காலத்து வருமானம் வேறு, அறுவடைக் காலத்து வருமானம் வேறு. ஒரே அளவு வருமானமுடைய இரு வீடுகளுள் ஒன்றில் ஒரு பிள்ளை பயிலும். மற்றொன்றில் மூவர் பயில, நோயாளியும் ஒருவர் இருப்பார். ஒற்றை எண் இவற்றையெல்லாம் காட்டமாட்டாது.

வரம்பு வைக்குமிடத்தும் இடர் உண்டு. பட்டியல் வகுப்பு மாணாக்கர்க்கு மெட்ரிக் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான உபகாரச் சம்பளத்தை இந்திய அரசினர் 1944-ஆம் ஆண்டில் தொடங்கினர். 2021-ஆம் ஆண்டிற் திருத்தப்பெற்ற நெறிமுறைகளில் அதற்குரிய குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய் என்று குறிக்கப்பட்டது. இத்தகைய வரம்பு எதனையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், 2,49,000 ரூபாய் ஈட்டும் வீட்டார்க்கு உதவி கிட்டும். 2,51,000 ரூபாய் ஈட்டும் வீட்டார்க்குக் கிட்டாது. 2,000 ரூபாய் மிகுதியாக ஈட்டியமையால் அதனினும் பன்மடங்கு இழக்க நேரும். அரசு பலகோடி மக்களுக்கு விதி வகுப்பதாதலின் ஓரிடத்திற் கோடு கிழித்தே ஆகவேண்டும். ஆனால் சில நூறு மாணாக்கரை முகமறிந்து நடத்தும் ஒரு கலாசாலை, தன் சொந்த நிதியை வழங்குங்கால், கோட்டிற்குப் பதிலாகப் படிகள் அமைத்து முழு உதவி, முக்கால், அரை, கால் என வழங்குதல் இயலும். அரசின் கோட்டுக்குச் சற்று வெளியே நின்றவர்க்கே கலாசாலை நிதி முதலிற் செல்லவேண்டும் என்பது எம் துணிபு.

இனி, எவ்வாறு வழங்குவது என்னும் இரண்டாம் வினா. இதனைப் பற்றி யாம் நூல்வழி அறிந்ததினும் கண்டறிந்தது மிகுதி. யாம் பயின்ற காலத்தில் ஒரு கலாசாலையில், வகுப்பு நடந்துகொண்டிருக்கையிற் சுற்றறிக்கை வரும்; ஆசிரியர் அதனை உரக்க வாசிப்பார். ஒருநாள், ‘ஏழை மாணவர் நிதிக்கு மனுச் செய்தோர் எழுந்து அலுவலகம் சென்று ஒப்பமிடுக, இன்றே கடைசி நாள்’ என்று வாசித்தார். எம் பெயர் அப்பட்டியலில் இருந்தது. யாம் எழுந்திலேம். மாலையில் எல்லோரும் சென்றபின் எழுத்தரை அணுகி ஒப்பமிட்டோம். எம் பெயருக்கு இரண்டு வரி கீழே, வகுப்பில் எம் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பரின் பெயர் இருந்தது. அதற்கெதிரே ஒப்பத்துக்குரிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. அவரும் அன்று எழவில்லை. அவர் வீடு எமக்குத் தெரியும். ஓடிச் சென்று சொல்லியிருந்தால், அலுவலகம் மூடுமுன் வந்திருப்பார். சொன்னால் எம் பெயரும் அப்பட்டியலில் உள்ளமை அவர்க்குத் தெரியவருமே என்று நாணிச் சொல்லாதொழிந்தோம். அவர்க்குரிய தொகை வேறொருவர்க்குப் போயிற்று. அடுத்த பருவத்தில் அவர் கலாசாலைக்கு வரவில்லை.

அந்த ஆசிரியர் கொடியவரல்லர். மனுச் செய்த எவரும் விடுபடக்கூடாது என்றெண்ணியே உரக்க வாசித்தார். நிதி வழங்கியவரும் நல்லவரே. ஒருவரும் தீங்கு நினையாத இடத்தில் ஒரு மாணாக்கர் கல்வியை இழந்தார். வறியோரை ஒருவர்க்கொருவர் அறியாவண்ணம் தனித்தனியே ஒளிந்து நிற்கச் செய்வதே இந்நாணத்தின் பெருங்கொடுமை என்பதை யாம் அன்றுதான் உணர்ந்தோம். உணர்ந்தும் காலம் கடந்துவிட்டது.

சுற்றறிக்கை ஒன்றே அன்று. விளம்பரப் பலகையிற் பெயர்ப் பட்டியல் ஒட்டுதல், ஆண்டுவிழா மேடையில் நிறுத்திக் காசோலையுடன் நிழற்படம் எடுத்தல், கட்டணம் வராமைக்காகப் பரீட்சைக்குரிய நுழைவுச் சீட்டை நிறுத்தி வைத்தல், உதவி பெறுவோர் புதிய செல்பேசி வாங்கினாற் கேள்வி கேட்டல் முதலியனவும் அவ்வினத்தனவே. மேலும், நம் நாட்டில் வறுமை தனித்து நிற்பதில்லை. சாதி இழிவும் அதனோடு சேர்ந்து வரும். இன்ன வகுப்பார்க்குரிய உபகாரச் சம்பளம் என்று கூவி அழைத்தல், ஒருவர் சாதியை வகுப்பறையில் வெளிப்படுத்துதலே ஆகும். இவ்வாறு வகுப்பில் மாணாக்கரின் சாதிப் பெயரை அறிவித்தலும், ஒதுக்கீட்டு மாணாக்கர் என்று முத்திரையிடுதலும் கூடா எனப் பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2012-ஆம் ஆண்டில் விதி வகுத்தனர்.

பணம் மட்டும் மானத்தைத் தந்துவிடாது என்பதற்கு அம்பேத்கர் வாழ்க்கை சான்று. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உபகாரச் சம்பளத்தால், 1913-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். உடன்படிக்கையின்படி 1917-ஆம் ஆண்டிற் பரோடாவில் ஊழியம் செய்யத் திரும்பியபோது, தங்க ஓர் இடம் கிடைக்காது அலைந்தார். அலுவலகத்திலும் கீழ் ஊழியரால் இழிவுபடுத்தப்பட்டு, விரைவில் அவ்வூரை விட்டு நீங்கினார். மன்னர் பெருந்தன்மையோடு கொடுத்தார். சூழ இருந்தோர் அத்தன்மையிலர். உதவி பெறும் மாணாக்கரை அக்கம்பக்கத்தார் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதும் உதவியின் ஒரு கூறே என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடர்களை நீக்க இக்காலத்தார் கண்ட வழிகளுள் முதலாவது, பிரிவினையின்றி யாவர்க்கும் வழங்குதல். தமிழ்நாட்டில் 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியிற் பள்ளி மதிய உணவு பரவலாயிற்று. 1982-ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியிற் சத்துணவாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மு. க. ஸ்டாலின் ஆட்சியில் மதுரையிற் தொடக்கப்பள்ளிக் காலை உணவு தொடங்கிற்று. ஒரே வரிசையில் அமர்ந்து எல்லோரும் உண்ணுமிடத்து, உண்போர் வறியவர் என்ற பெயர் எழ இடமில்லை. சீருடையின் பயனும் அதுவே. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பிற் சேருவோருள் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கியபோது, அப்பிள்ளைகளைத் தனி வகுப்பிலோ தனி நேரத்திலோ பிரித்து வைத்தல் கூடாது என்று 2010-ஆம் ஆண்டு விதிகள் தடுத்தன. ஆயினும் யாவர்க்கும் வழங்கப் பெரும்பொருள் வேண்டும். அரசுக்கு இயல்வது ஒரு கலாசாலைக்கு இயலாது.

இரண்டாவது வழி, வறுமையைக் கேளாமல் வேறொரு தகுதியைக் கேட்டல். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்மக்களுக்கு மாதம் 1,000 ரூபாயை அவர்தம் வங்கிக் கணக்கிலேயே செலுத்திற்று. 2024-ஆம் ஆண்டில் ஆண்மக்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. இப்பெயர்களில் இரங்கற்குறி ஏதும் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி என்னும் பெயரும் அத்தகையதே. அது குறையைச் சொல்லாமற் பெருமையைச் சொல்லுகின்றது. ஆனால் இவ்வழியிலும் நீதிக்குக் குறைவு நேர்வதுண்டு. கடன் வாங்கித் தனியார் பள்ளியிற் படிப்பித்த ஏழைப் பெற்றோரின் மகள் இத்தகைய அளவுகோலுக்கு வெளியே நின்றுவிடுவாள்.

மூன்றாவது வழி, மாணாக்கர் வந்து கேட்குமுன் நாமே சென்று உறுதி சொல்லுதல். அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், பள்ளி ஏடுகளிலிருந்தே திறமிக்க வறிய மாணாக்கரை அறிந்து, ‘நீவிர் சேர்க்கை பெற்றால் நான்காண்டுக் கட்டணமும் இல்லை, இதற்கென மனுவும் வேண்டா’ என்னும் கருத்தமைந்த கடிதம் விடுத்தனர். அம்மாணாக்கரிற் பெரும்பாலோர்க்கு மனுச் செய்திருந்தாலும் ஏறக்குறைய அதே உதவி கிடைத்திருக்கும். எனினும் கடிதம் பெறாதாருள் 26 விழுக்காட்டினரே அப்பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்ய, பெற்றாருள் 68 விழுக்காட்டினர் மனுச் செய்தனர்; சேர்ந்தோர் 12 விழுக்காட்டினின்று 27 விழுக்காடாயினர். 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இதனைக் கூறுகின்றது. தொகை பெரிதும் மாறவில்லை. சொன்ன முறையும் உறுதியுமே மாறின. உதவி இருந்தும் பெறாதொழிவோர் எத்துணையர் என்பது இதனால் ஊகிக்கத் தகும்.

இவற்றைக் கொண்டு, கலாசாலைகள் மேற்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூற விழைகின்றோம். முதலாவது, சேர்க்கையின்போது எல்லா மாணாக்கரும் ஒரே படிவத்தை நிரப்புதல் வேண்டும். குடும்ப நிலையைப் பற்றிய பகுதி அப்படிவத்திலேயே அமையுமாயின், உதவிக்கென்று தனியே வரிசையில் நிற்க வேண்டா. இரண்டாவது, ஆராய்தல் ஒரே முறை, கதவடைத்த அறையில், இருவர் மூவர் அடங்கிய சிறு குழுவினரால், எழுத்தின்படி நடைபெறல் வேண்டும். ஒரே துன்பக் கதையை ஐந்து மேசைகளிற் சொல்லவைத்தல் ஆகாது. மூன்றாவது, தொகை கட்டணக் கணக்கிலேயே வரவுவைக்கப்படல் வேண்டும். அப்போது உதவி பெற்றவர் கையிலுள்ள இரசீதும் பெறாதவர் கையிலுள்ள இரசீதும் தோற்றத்தில் வேறுபடா. நான்காவது, உதவி காலத்தால் வரவேண்டும். ஆண்டிறுதியில் வரும் தொகை வட்டிக்கடைக்காரரையே சென்றடையும். அரசுத் தொகை தாமதிக்குமிடத்துக் கலாசாலை நிதி அதுவரை தாங்கிநிற்றல் நலம். ஐந்தாவது, ஒரு பாடத்திற் தவறியவுடன் உதவியை நிறுத்தாமல், ஒருமுறையேனும் எழுந்து நிற்க வாய்ப்பளித்தல் வேண்டும். ஆறாவது, நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் வேலை தந்து ஊதியம் கொடுப்பதாயின், அவ்வேலை எல்லா மாணாக்கர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். ஏழைகட்கென்றே ஒதுக்கிய வேலை பழைய சர்விட்டர் முறையாகவே முடியும்.

இவ்வாறு மறைவாக வழங்கினால் ஓரவஞ்சனைக்கு இடமுண்டாகாதா எனின், அவ்வினா நேரியதே. பெயர்களை மறைக்கவேண்டுமேயன்றி விதிகளை மறைத்தலாகாது. நிதியில் வந்த தொகை இவ்வளவு, வழங்கிய தொகை இவ்வளவு, மனுச் செய்தோர் இத்துணையர், முழு உதவி பெற்றோர் இத்துணையர், மறுக்கப்பட்டோர் இத்துணையர், மறுத்ததற்குரிய காரணங்கள் இவை என்று ஆண்டறிக்கையில் அச்சிட்டுக் காட்டலாம். மறுக்கப்பட்டவர் முறையிட ஒரு வழியும் வைக்கலாம். பெயர்ப் பட்டியலைத் தணிக்கையாளர் பார்க்கட்டும், வகுப்பறை பார்க்கவேண்டுவதில்லை. நீதிக்கு வேண்டியது கணக்கின் வெளிப்படை. மானத்திற்கு வேண்டியது பெயரின் மறைவு. இவை தம்முள் முரணா. முன்னர் யாம் சொன்ன இடர்ப்பாடு பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால் வந்ததே.

நன்றியுணர்ச்சி வேண்டாவோ என்று சிலர் வினவுவர். வேண்டும், ஆனால் அதனைக் கேட்டு வாங்குதல் இயலாது. மேடையில் வரவழைத்த நன்றி வாயளவில் நிற்கும். தருமம் செய்வோர் அதனை அந்தரங்கத்திற் செய்யவேண்டும் என்று நம் ஆண்டவர் மலைப் பிரசங்கத்திற் கற்பித்ததை இவ்வகைக் கலாசாலையிற் பயின்ற எவரும் அறிவர். கொடுப்போர் தம் பெயரை மறைத்தாற் போதும் என்று அதனைப் பலர் பொருள்கொள்வர். பெறுவோர் பெயரையும் காத்தால்தான் அந்தரங்கம் முழுமையாகும். பழைய மாணாக்கர் நிதிக்குக் கொடுக்கும்போது, யார் பெற்றார் என்று கேளாதிருத்தலையும் தம் கொடையின் ஒரு பகுதியாகக் கொள்வாராக. தாம் பயின்ற காலத்திற் செலுத்திய கட்டணமே கல்வியின் முழுச் செலவு அன்று, எஞ்சியதை யாரோ தாங்கினர் என்பதை நினைந்தால், உதவி பெறாதார் என்று ஒருவரும் நம்முள் இல்லை என்பது தெளிவாகும்.

ஜான்சன் வரலாற்றின் பிற்பகுதியைச் சொல்லி முடிப்போம். பாதரட்சையை எறிந்த அவர்க்கு 1762-ஆம் ஆண்டில் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் உதவிச் சம்பளம் அளிக்க முன்வந்தார். ஜான்சன் தயங்கினார். அத்தொகை இனி அவர் செய்யப்போவது எதற்காகவும் அன்று, முன்னரே அவர் செய்து முடித்ததற்காகவே என்று அமைச்சர் பியூட் பிரபு உறுதி கூறினார், அதன்பின் ஏற்றுக்கொண்டார். செருப்பை எறிந்தவரும் சம்பளத்தை ஏற்றவரும் ஒருவரே. செருக்கு அவர்க்குக் குறைந்துவிடவில்லை. பின்னது உரிமையாக வந்தது. மாணாக்கர் இன்னும் ஒன்றும் செய்து முடிக்கவில்லையே எனலாம். உண்மை, அவர்கள் செய்யவிருப்பதற்காக, அவர்கள்மேல் வைத்த நம்பிக்கையால் நாம் கொடுக்கிறோம். அந்நம்பிக்கையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போமாக.

இதனைப் படிக்கும் இளைய மாணாக்கருக்கு ஒரு சொல். உம் பெயர் ஏதேனும் ஒரு பட்டியலில் இருக்குமாயின் எழுந்து செல்லுக; அது பிச்சையன்று. பக்கத்திலிருப்பவர் எழத் தயங்குவதைக் கண்டால் அவரையும் அழைத்துச் செல்லுக. யாம் அன்று செய்யத் தவறியது அது.